கண் சிமிட்ட இயலாதவருக்கும் கணக்கு உண்டு

வீட்டில் இருந்தபடியே வங்கிக் கணக்குத் தொடங்கும்போது, கைப்பேசித் திரை நம்மிடம் ஒரு சிறு செயலைக் கேட்கிறது: ‘கண்களைச் சிமிட்டுங்கள்’. எதிரில் இருப்பது நிழற்படம் அன்று, உயிருள்ள மனிதரே என்பதை உறுதி செய்யும் ஏற்பாடு அது. நம்மில் பலருக்கு ஒரு நொடி வேலை. ஆனால், அமில வீச்சில் இமைகள் சிதைந்தவருக்கும், திரையின் வட்டத்துக்குள் முகத்தைப் பொருத்த இயலாத பார்வையற்றவருக்கும் அந்த இடத்திலேயே கதவு அடைபட்டுவிடுகிறது.

இத்தகையோர் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமையும் அடங்கும் என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று முறைகள், காகித வழிச் சரிபார்ப்பைத் தொடர்தல் உள்ளிட்டவற்றை வலியுறுத்தி 20 வழிகாட்டுதல்களையும் வழங்கியது.

தடை எங்கே இருக்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். பார்வையற்றோர் பலர் திறன்பேசியைச் செவிவழியே இயக்குகின்றனர். ஆண்ட்ராய்டில் ‘டாக்பேக்’, ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ ஆகிய வசதிகள் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும். ஆனால், செயலியை உருவாக்கியவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் இடவில்லை எனில், ‘பொத்தான்’ என்று மட்டுமே ஒலிக்கும். அது பணம் அனுப்புவதற்கா, பரிமாற்றத்தை நீக்குவதற்கா என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

படத்தில் சிதைந்து தோன்றும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்வதும், பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டுமே உணர்த்துவதும் இத்தகைய தடைகளே. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டும் என்கிறது உலகளாவிய இணைய அணுகல் நெறி. இதனைப் பின்பற்றினால், கண்புரை உள்ள முதியவருக்கும் வெயிலில் நின்று திரையைப் பார்ப்பவருக்கும் பயன் கிடைக்கும்.

கைக்கெட்டும் வழிகள்

பேசும் ஏ.டி.எம். இயந்திரத்தில் செவிப்பொறியைப் பொருத்தி, குரல் வழிகாட்டலைக் கேட்டுப் பணம் எடுக்கலாம். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட ‘மணி’ செயலி, ரூபாய் நோட்டின் மதிப்பை ஒலியாகச் சொல்லும். இணையம் இன்றியும் இயங்கும். எனினும், நோட்டு மெய்யானதா என்பதை அது கூறாது. திறன்பேசி இல்லாதோருக்கு 2022இல் அறிமுகமான ‘யு.பி.ஐ. 123பே’ உள்ளது, சாதாரணக் கைப்பேசியிலிருந்து அழைத்தே பணம் செலுத்தலாம். 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளைப் பணித்தது.

இரகசியமும் ஓர் உரிமை

செயலி இயங்காதபோது பலர் வேறு வழியின்றி இரகசிய எண்ணை உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒப்படைக்கின்றனர். அன்று முதல் அவர் பணம் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. எனவே, அணுகல் வசதியைச் சலுகையாகக் கருதாமல், பாதுகாப்பின் முதற்படியாகவே நாம் கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. இல்லத்துப் பெரியவருக்காக நீங்களே பரிமாற்றத்தைச் செய்துவிடாதீர்கள். கைப்பேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கியும் குரல் வசதியை இயக்கியும் கொடுங்கள்; இரகசிய எண்ணை அவரே இடட்டும். எந்தத் திரையில் தடை ஏற்பட்டது என்பதைக் கிளையில் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். குறிப்பிட்டுச் சொல்லப்படும் குறையே விரைவில் களையப்படும்.