வீட்டிலும் கொட்டிலிலும் சுண்டெலி ஒழிப்பு

வைகாசி மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் திம்புள்ளைப் பிரதேசத்து லயங்களிலும் வீடுகளிலும் எலித்தொல்லை அதிகரிப்பதை யாவரும் அறிவர். பற்றைகளிலும் கான்களின் ஓரங்களிலும் வாழும் எலிகளின் வளைகளில் நீர் புகுகின்றது, குளிரும் வாட்டுகின்றது. அடுப்பு எரியும் வீடும் சாக்குகள் அடுக்கிய கொட்டிலும் அவற்றுக்குத் தக்க புகலிடங்களாகின்றன.

அடுத்த போகத்துக்கென எடுத்துவைத்த விதை உருளைக்கிழங்கும் போஞ்சி விதையும் அவ்வீட்டிலேயே இருக்கின்றன. கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கங்களில் வயலுடையோரிடத்து விதைநெல்லும் இருக்கும். ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு உண்பது ஏறக்குறைய 3 கிராம் மட்டுமே. ஆயின் அது தின்பதிலும் கெடுப்பதே அதிகமாகும். கிழங்கின் தலைமுளையைக் கடித்துவிட்டு அடுத்த கிழங்குக்குச் செல்லும். சாக்கைக் கிழித்து நெல்லைச் சிந்தும். சிந்தியதன்மீது சிறுநீரும் எச்சமும் இடும். கடன்பட்டு வாங்கிய விதைக்கிழங்கு முளையிழந்து கிடப்பதைக் கண்ட பின்னர் பொறி தேடி ஓடுவதிற் பயன் இல்லை.

எவ்வகை எலி?

மருந்தையோ பொறியையோ வாங்குமுன் வீட்டில் நடமாடுவது எதுவென அறிதல் அவசியமாகும். சுண்டெலியின் நிறை சுமார் 15 முதல் 20 கிராம் வரையாகும். காதுகள் பெரியன, பாதங்கள் சிறியன, எச்சம் அரிசிமணி அளவினது. கூரை எலியின் எச்சம் அரை அங்குல நீளமிருக்கும். சிறிய உடலும் அதற்குப் பொருந்தாத பெரிய தலையும் பாதங்களும் உடையது அகப்படின், அது சுண்டெலியன்று. பெரிய எலியின் குட்டியேயாகும். பெருச்சாளி பெரும்பாலும் வெளியில் வளை தோண்டி வாழ்வது. நீண்ட மூக்கும் கடுமையான நாற்றமும் உள்ள மூஞ்சூறு தானியத்தை நாடுவதில்லை, பூச்சிகளையே தின்னும். அதனைப் பிடிப்பதிற் காலத்தைச் செலவிட வேண்டாம்.

சுண்டெலிக்கும் பெரிய எலிக்கும் குணத்திலும் வேறுபாடுண்டு. பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சிச் சில நாட்கள் விலகியே செல்லும். சுண்டெலியோ புதியதைக் கண்டால் அருகே சென்று ஆராயும். ஆதலின் சுண்டெலிக்கு வைத்த பொறி முதலிரவிலேயே பலனளிக்கக்கூடும். பெரிய எலிக்குப் பொறுமை வேண்டும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து வழக்கமாக 30 அடிக்கு அப்பாற் செல்வதில்லை. அதன் கருப்பகாலம் ஏறக்குறைய 3 வாரங்கள். ஒரு ஈற்றில் 5 அல்லது 6 குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் இரண்டு மாதத்திற்குள் தாமும் ஈனும். இன்று காணப்படும் ஒரு சோடியை அலட்சியம் செய்வோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.

அவை எவ்வழியே நடமாடுகின்றன என்பதை அறிய அடுப்புச் சாம்பலே போதும். இரவில் உறங்கச் செல்லுமுன் சுவரோரங்களிலும் சாக்குகளின் அருகிலும் சலித்த சாம்பலை மெல்லிய படையாகத் தூவிவிடுக. காலையிற் பாதச்சுவடுகளும் வால் இழுபட்ட கோடும் தெளிவாகத் தெரியும். எலி வெளியிடத்தில் ஓட அஞ்சிச் சுவரை ஒட்டியே செல்லும் வழக்கமுடையது. சுவடு எவ்விடத்தில் அதிகமோ அவ்விடமே பொறி வைத்தற்குரிய இடமாகும்.

உணவும் வழியும் அடைத்தல்

எலி பிள்ளையாரின் வாகனமாதலாற் கொல்லலாகாதெனக் கூறும் முதியோரும் நம்மிடையே உளர். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. கதவின் கீழுள்ள இடைவெளியைத் தகட்டால் அடைப்பதற்கு எவரும் ஆட்சேபம் கூறார். உண்மையில் அதுவே முதலிற் செய்யவேண்டிய வேலையுமாகும். வழியை அடையாது பொறி மாத்திரம் வைத்தால், இறந்த ஒவ்வொன்றின் இடத்துக்கும் பற்றையிலிருந்து வேறொன்று வந்து சேரும்.

ஒரு பென்சில் நுழையக்கூடிய துவாரம், அதாவது கால் அங்குல இடைவெளி, சுண்டெலிக்குப் போதுமானது. பென்சிலொன்றைக் கையிற் கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிவருக. கதவின் அடிப்பாகம், சுவரை ஊடுருவும் நீர்க்குழாய், மின்கம்பி நுழையும் இடம், புகைபோக்கி, வெடித்த அத்திவாரம் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். நமது லயங்களிற் பெரும்பாலும் கவனிக்கப்படாதது நெளிதகரக் கூரை சுவரின்மீது அமரும் இடமாகும். ஒவ்வொரு நெளிவின் கீழும் ஒரு திறந்த வாயில் இருக்கின்றது. அதனைச் சாந்தினாலோ கால் அங்குலக் கண்ணுக்கு மேற்படாத கம்பிவலையினாலோ அடைக்கலாம். துணி, கடதாசி, வெறும் மண் ஆகியவற்றால் அடைத்தல் வீண் வேலை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அதற்குக் கடித்தலே தொழில். சாந்துடன் உடைந்த கண்ணாடித் துண்டுகளை, அல்லது பாத்திரம் துலக்கும் இரும்பு நாரைச் சேர்த்து அடைத்தால் நிலைக்கும். கதவின் அடியில் 8 அங்குல உயரத்துக்குத் தகரம் அறைதல் நன்று.

லயத்தின் கூரையும் சுவரும் தோட்ட நிர்வாகத்துக்குரியனவாயின், பெரும் பழுதுகளை எழுத்து மூலம் அறிவித்து, அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு விடை வரும்வரை காத்திராது, கதவுத் தகரம், குழாய்த் துவாரம் போன்ற சிறு வேலைகளைக் குடியிருப்போரே முடித்துக்கொள்ளலாம்.

விதையையும் மாவையும் சாக்கில் வைத்தல் எலிக்கு இலை போட்டு அழைப்பதற்கு ஒப்பாகும். இறுகிய மூடியுள்ள தகரப் பீப்பாயே சிறந்தது. நன்கு உலராத விதைநெல்லை அதிலிட்டு மூடினாற் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் மறத்தலாகாது. விதைக்கிழங்கைப் பீப்பாயில் அடைக்க முடியாது. அதற்குப் பரவிய ஒளியும் காற்றும் தேவை. ஆகவே தட்டுகளைக் கால்களின்மீது, சுவரிலிருந்து ஓர் அடி விலக்கி அமைத்து, ஒவ்வொரு காலிலும் தலைகீழாகக் கவிழ்த்த புனல் போன்ற தகரக் குல்லாயைப் பொருத்துதல் வேண்டும். தட்டின்மேற் கூரைவளையோ தொங்கும் கயிறோ இருப்பின் குல்லாயாற் பயனில்லை. சிங்களக் கிராமங்களில் நெல் சேமிக்கும் வீ பிஸ்ஸவைத் தரையினின்று உயர்த்திக் கட்டியதும் இத்தகைய கருத்துடனேயாம்.

மாட்டுக்கொட்டிலில் புண்ணாக்கு மூட்டையைத் திறந்தபடி விடுதல் கூடாது. விறகைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தியும் சுவரிலிருந்து விலக்கியும் அடுக்குக. வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல் பூண்டின்றி வைத்திருத்தல் வேண்டும். கோவா இலைக்கழிவையும் அழுகிய லீக்ஸையும் கொட்டிலின் பின்புறத்திலேயே கொட்டும் வழக்கத்தைப் பல இடங்களிற் காணலாம். அவற்றைத் தோட்டத்துக் குப்பைக்குழியில் இட்டு மண்ணால் மூடினால் எருவும் கிடைக்கும்.

முச்சக்கரவண்டியும் இரு சக்கர உழவு இயந்திரமும் நிறுத்தும் கொட்டகைகளில் உணவு இல்லையே என எண்ணுதல் வேண்டாம். இயந்திரத்தின் வெப்பமும் இருக்கையின் பஞ்சுமே அவற்றைக் கூடு கட்ட அழைக்கும். மருந்து தெளிகருவியின் இறப்பர்க் குழாயும் இயந்திரத்தின் மின்கம்பியும் கடிபட்டுக் கிடப்பது வேலை நாளிற்றான் தெரியவரும். வீட்டு மின்கம்பியின் உறை கடிபட்டால் தீ விபத்து நேரக்கூடும். ஒரே கூரையின் கீழுள்ள லயத்தில் ஒரு காம்பராவிற் பிடித்த தீ அவ்வீட்டோடு நில்லாது.

பொறி வைத்தல்

பொறி வைப்போர் செய்யும் பெருந்தவறு, ஒரே பொறியை ஒரு மாதம் வைத்திருப்பதாகும். ஒரு டசின் பொறிகளை இரண்டு இரவுகள் வைப்பது அதனினும் மேலானது. சுண்டெலி சிறு வட்டத்துள் திரிவதாற் பொறிகளை ஆறு முதல் பத்தடிக்கு ஒன்றாக வைத்தல் வேண்டும். அடிபொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரையுள்ள முனை சுவரைத் தொடும்படி வைத்தால், எப்பக்கமிருந்து ஓடிவரினும் எலி அதனைச் சந்திக்கும். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு, ரொட்டித் துண்டு ஆகியன நல்ல இரைகள். இரையை நூலாற் கட்டிவிடுக. இன்றேல் பொறி விழாமலே இரை போய்விடும். பெரிய எலியாயின், மூன்று நான்கு இரவுகள் பொறியை ஏற்றாது இரையை மட்டும் வைத்துப் பழக்கிய பின் எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றுக. பசைத்தட்டுகள் கடைகளில் விற்கப்படினும் அவற்றை நான் சிபார்சு செய்வதில்லை. எலி நெடுநேரம் துடித்தே சாகும். பல்லியும் குருவிக்குஞ்சும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

லயத்தில் ஒரு குடும்பம் மாத்திரம் பொறி வைத்தால் எலிகள் அடுத்த காம்பராவுக்குச் சென்றுவிடும். தடுப்புச்சுவர் கூரைவரை எட்டாத இடங்களில் இது மேலும் எளிது. ஆதலின் லயம் முழுவதும் ஒரே இரவுகளிற் பொறி வைத்தல் வேண்டும். சனிக்கிழமை இரவு இதற்கு வசதியானது. மறுநாட் காலையில் அப்புறப்படுத்தவும் கழுவவும் ஓய்வு கிடைக்கும். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் முன்னின்றாற் பொறிகளைப் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

பூனை வளர்த்தல் உதவியே. ஆயினும் பூனையுள்ள வீட்டிலும் எலி இருக்கும். சாரைப்பாம்பும் ஆந்தையும் நமது நண்பர்கள். அவற்றைக் கண்டவுடன் தடியெடுக்கும் வழக்கத்தை விடல் வேண்டும்.

நஞ்சு பற்றி

நஞ்சைக் கடைசி வழியாகவே கொள்க. சிங்க் பொஸ்பைட் என்னும் கருநிறத் தூள் எலியின் வயிற்றில் நச்சுவாயுவாகி விரைவிற் கொல்லும். அதற்கென மாற்றுமருந்து கிடையாது. சிறிதளவு தின்று நோயுற்றுப் பிழைத்த எலி அவ்விரையைப் பின்னர் தொடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதற்கு இடமே இல்லை.

இரத்தம் உறையாதபடி செய்யும் நஞ்சுகள் வேறு வகையின. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1933ஆம் ஆண்டில் ஒரு கமக்காரர், பூஞ்சணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்று இறந்த தமது பசுவின் உறையாத இரத்தத்தைப் பாற்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். அங்கு கார்ல் பால் லிங்க் என்பவரும் அவருடன் உழைத்தோரும் அப்புல்லிலிருந்த பொருளைக் கண்டறிந்தனர். அவ்வாராய்ச்சியின் பயனாகப் பிறந்த வார்பரின் 1948இல் எலிநஞ்சாக விற்பனைக்கு வந்தது. இது சில நாட்கள் கழித்தே கொல்வதால் எலிக்கு ஐயம் எழுவதில்லை. ஆயின் 1958 அளவில் ஸ்கொட்லாந்தில் வார்பரினுக்கு அசையாத எலிகள் காணப்பட்டன; அதன் பின்னர் வலிமை மிக்க நஞ்சுகள் வந்தன. இவற்றால் இறந்த எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படக்கூடும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்ட, பெயர்ச்சீட்டுள்ள பொருளையே வாங்குதல் வேண்டும். சந்தையிற் கடதாசியிற் சுற்றி விற்கும் தூளை வாங்க வேண்டாம். இரையைப் பூட்டிய பெட்டியுள் வைத்து, மிகுதியைக் குழந்தைக்கு எட்டாத இடத்திற் பூட்டி வைக்குக. சோற்றிலோ மாவிலோ தாமே கலந்து, உணவுப் பாத்திரத்தில் வைத்தல் பேராபத்து. எவரேனும் தவறி உண்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது பெயர்ச்சீட்டுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வார்பரின் வகைக்கு விற்றமின் கே மாற்றாகும். எந்த நஞ்சென வைத்தியர் அறிந்தாலன்றி அதனைக் கொடுத்தல் இயலாது.

எலியும் நோயும்

1914ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றிய பிளேக் நோய் எலித்தெள்ளினாற் பரவியது. இன்று நம்மை வருத்துவது எலிக்காய்ச்சல். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி சேற்றிலும் நீரிலும் கலந்து, காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உட்புகும். வயலில் இறங்குவோரும் கான் வெட்டுவோரும் காயங்களை மூடிக்கொள்ளுதல் வேண்டும். கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன தோன்றினால், சேற்றில் வேலைசெய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுக. முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்கலாம்.

எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்டித் தூசு எழுப்புதல் தகாது. வெளிற்றும் தூள் கரைத்த நீரை அதன்மீது தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுக்குக. இறந்த எலியை வெறுங்கையாற் தொடாது, பொலித்தீன் உறையைக் கையில் மாட்டி எடுத்து, நீரூற்றுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் இரண்டடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும். பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

வேலை முடிந்ததும் மீண்டும் மூன்று இரவுகள் சாம்பல் தூவிப் பார்க்கவும். சுவடு காணப்படாவிடினும் விதைத் தட்டின் அருகில் இரண்டு பொறிகளை வைத்திருந்து, கிழங்கு நடுகைக்குச் செல்லும்வரை வாரந்தோறும் இரையை மாற்றி வருக.