டைனோசர் முட்டையா, அம்மோனைட்டா? அரியலூர் மண்ணுக்கு எந்தக் கதை பொருந்தும்?

2020 அக்டோபர். பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளியே வந்தன. சில பானை அளவு, சில அதைவிடப் பெரிது. யாரோ ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். அடுத்த சில மணி நேரத்தில் 'பெரம்பலூரில் டைனோசர் முட்டை' என்று வாட்ஸ்அப் முழுக்க ஒரே பேச்சு. குளத்தங்கரையில் கூட்டம் கூடியது.

பிறகு விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். அவை முட்டை அல்ல. கடலடிச் சேற்றில் புதைந்த அம்மோனைட் போன்ற உயிரினங்களைச் சுற்றித் தாதுக்கள் படிந்து படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். அவ்வளவுதான், பரபரப்பு அடங்கிவிட்டது.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துக் கிழக்கே நெடுந்தூரம் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரின் குளத்துக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தரை கிடைத்திருக்கிறது. இது முட்டையைவிடச் சின்ன அதிசயமா? நமக்கு ஏன் அது அதிசயமாகத் தோன்றவில்லை?

காரணம் எளிது. டைனோசரை நாம் சினிமாவில் பார்த்திருக்கிறோம். அம்மோனைட்டைப் பார்த்ததில்லை.

சினிமாவுக்கு விலங்குப் பூங்காவில் என்ன வேலை?

நிஜ உயிர்களைக் காட்டும் இடத்தில் சினிமாக் கதைக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவில் பூங்கா ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டு வருகிறார்கள்.

ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லண்டோ அருகே 'டிஸ்னி அனிமல் கிங்டம்' 1998 ஏப்ரல் 22-ம் தேதி, அதாவது பூமி தினத்தன்று திறக்கப்பட்டது. யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், புலி என நிஜ விலங்குகள் வாழும் இடம். இருக்கிற விலங்குகள், அழிந்துபோன விலங்குகள், கற்பனை விலங்குகள் என்று மூன்றுக்கும் இடம் கொடுப்பதுதான் முதல் திட்டம். அழிந்துபோனவற்றுக்கு டைனோசர் பகுதி வந்தது. டிராகன், யூனிகார்ன் போன்ற கற்பனை விலங்குகளுக்கான பகுதி மட்டும் கட்டப்படவே இல்லை.

2011 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' படத்தில் வரும் பண்டோரா உலகம் இந்தப் பூங்காவுக்குள் வரப்போகிறது என்றார்கள். ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்.

"நிஜப் புலியைக் காட்டும் இடத்தில் நீல நிற மனிதர்களுக்கு என்ன வேலை? அந்தப் படத்தில் வரும் ஒரு விலங்குகூட உண்மையில்லையே" என்றது ஒரு அணி. "பார்த்து மறந்துவிட்ட படம், இதற்கு நிரந்தரமாக ஓர் இடமா?" என்ற கேலியும் சேர்ந்துகொண்டது.

"படத்தின் கதையே காட்டைக் காப்பாற்றுவதுதானே? இயற்கையை மதிக்கச் சொல்லும் பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எது?" என்றது இன்னோர் அணி.

2017 மே 27-ம் தேதி பண்டோரா திறக்கப்பட்டது. அந்தரத்தில் மிதக்கும் மலைகள், இரவில் ஒளிரும் செடிகள், பறக்கும் விலங்கின் முதுகில் ஏறிப் பறப்பதுபோன்ற சவாரி. அந்தச் சவாரிக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கூட்டத்தைப் பொறுத்தவரை வாதம் முடிந்தது. பொருத்தத்தைப் பொறுத்தவரை இன்றும் முடியவில்லை.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விலங்குப் பூங்காவின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜோ ரோடிதான் பண்டோராவையும் முன்னின்று உருவாக்கினார். படத்தில் வரும் போரை அங்கே காட்டவில்லை. மனிதர்களின் சுரங்க நிறுவனம் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, காயம்பட்ட மண் மெல்லத் தேறிவருகிறது, அதைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் நீங்கள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் கதை. துருப்பிடித்த இயந்திரங்களின்மேல் செடி கொடி படர்ந்திருக்கும்.

சுரங்கம், காயம்பட்ட மண், தேறிவரும் இயற்கை. இதைக் கேட்டதும் அரியலூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர் ஞாபகம் வந்தால் ஆச்சர்யமில்லை.

கடல் வந்துபோன ஊர்

அரியலூர், பெரம்பலூர் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரமாகவும் கடலாகவும் இருந்தது. கிரெட்டேசியஸ் என்று புவியியலாளர்கள் சொல்லும் காலம் அது. சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. கடல் உள்ளே வருவதும் விலகுவதுமாக இருந்தபோது சிப்பிகள், நத்தைகள், சுறாப் பற்கள், அம்மோனைட்டுகள் எல்லாம் அடுக்கடுக்காகச் சேற்றில் புதைந்தன.

ஆங்கிலேயர் காலத்திலேயே இது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். உட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களே பாறை வரிசைகளுக்கு வைக்கப்பட்டன. அரியலூர் என்ற பெயர் இன்றும் புவியியல் புத்தகங்களில் நிற்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூருக்குப் போனால் கல்மரத்தைப் பார்க்கலாம். 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம், அப்படியே கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. ஆற்றில் அடித்துவரப்பட்டுக் கடலடியில் புதைந்த மரம். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதைக் கண்டறிந்து சொன்னார். இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் வேறொரு காட்சி. மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் செம்பழுப்பு நிலம். ஏதோ வேற்றுக் கிரகத்துக்கு வந்துவிட்டதுபோல இருக்கும். செட் போட்டதில்லை, அத்தனையும் பழைய கடலின் அடிமண்.

அம்மோனைட் நமக்கு அந்நியமான பொருளும் இல்லை. வைணவ வீடுகளின் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம்போலச் சுருள் தெரியும் அல்லவா? நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தச் சக்கரம் ஓர் அம்மோனைட்டின் பதிவுதான். கணவாய், ஆக்டோபஸ் இவற்றின் தூரத்துச் சொந்தம் இது. டைனோசர்கள் அழிந்த அதே காலக்கட்டத்தில் இதுவும் உலகத்தை விட்டுப் போனது.

நிஜ டைனோசர் இருந்ததா?

இருந்தது. கதை அங்கேதான் சுவாரஸ்யமாகிறது.

1979-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அரியலூர்ப் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். 'திராவிடோசாரஸ்'. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். பிற்பாடு வேறு சில ஆய்வாளர்கள், "இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் ஊர்வன" என்றார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

1987-ல் அதே இருவர் கல்லமேட்டுப் பக்கம் கிடைத்த ராட்சத எலும்புகளை விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள ஒரே ஓர் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம். ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம். 'பிரஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் அதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். நீண்ட கழுத்தோடு இலை தழை தின்னும் வகையாகவே இருக்கவேண்டும் என்று பிறகு கருத்து மாறியது. உலகில் நடமாடிய மிகப்பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இது இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆதாரம் போதாது என்பவர்களும் உண்டு.

ஏன் போதாது? அந்த எலும்புகள் இன்று இல்லை. பொடிப்பொடியாகும் தன்மை கொண்ட அவை உதிர்ந்தே போய்விட்டன. மிஞ்சியிருப்பவை சில படங்களும் குறிப்புகளும்தான். உலகின் மிகப்பெரிய விலங்கு நம் ஊரில் வாழ்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய சாட்சி, காப்பாற்றப்படாமலே போய்விட்டது.

'ஜுராசிக் பார்க்' படம் வந்தது 1993-ல். அதில் உறுமும் டி.ரெக்ஸ் இந்தியாவில் வாழ்ந்ததே இல்லை, வட அமெரிக்காவுக்கு உரியது. அது ஜுராசிக் காலத்து விலங்கும் இல்லை. அரியலூர்ப் பாறைகளைப் போலவே கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது. ஆனாலும், நம் வீட்டுக் குழந்தைக்கு டி.ரெக்ஸ் தெரியும், திராவிடோசாரஸ் தெரியாது. அது குழந்தையின் குற்றமா?

சிமென்ட்டும் சிப்பியும்

அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சிமென்ட். அந்தச் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? அதே கடலிலிருந்துதான். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் கொத்துக்கொத்தாகப் பதிந்திருக்கும். நாம் குடியிருக்கும் வீட்டின் சுவரில்கூட கொஞ்சம் அரியலூர்க் கடல் கலந்திருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுரங்கம் தோண்டினால் புதைபடிவங்கள் நொறுங்குகின்றன. தோண்டியதால்தான் பல புதைபடிவங்கள் வெளிச்சத்துக்கும் வந்தன. வேலையும் வருமானமும் அதே சுரங்கத்திலிருந்துதான் வருகின்றன. 'அவதார்' படத்தில் சுரங்கக்காரர்கள் வில்லன்கள், காட்டுவாசிகள் நாயகர்கள் என்று எளிதாகப் பிரித்துவிடலாம். அரியலூரில் அப்படிப் பிரிக்க முடியாது. எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது, எடுப்பதற்கு முன் யார் பார்ப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

இப்படிப்பட்ட இடங்களைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவர, 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. ஆனால், சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது. ஊர்க்காரர்களுக்கு இது பொக்கிஷம் என்று தெரிந்தால்தான் பொறுக்கி வீசாமல் இருப்பார்கள். அதைத் தெரியவைக்க ஒரு கதை வேண்டும்.

எந்தக் கதை?

ஆர்லண்டோ ரசிகர்களின் வாதம் நமக்கு உதவுவது இங்கேதான். பூங்காவில் சினிமா இருக்கலாமா கூடாதா என்பதைவிட, அந்தச் சினிமா நம் பார்வையை எங்கே திருப்புகிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். பண்டோராவில் ஒளிரும் செடியைப் பார்த்த குழந்தை, வெளியே வந்து நிஜ மரத்தை அண்ணாந்து பார்த்தால் அந்தக் கதை பொருந்திவிட்டது. சவாரி முடிந்ததும் நேராக வெளியேறினால் பொருந்தவில்லை. அதே பூங்காவின் டைனோசர் பகுதியை 2025 ஜனவரி முதல் படிப்படியாக மூடத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் 'என்காண்டோ', 'இந்தியானா ஜோன்ஸ்' படங்களை ஒட்டிய பகுதி வருகிறது. உண்மையில் வாழ்ந்த விலங்கின் இடத்துக்குச் சினிமா வருவதால், பழைய விவாதம் மறுபடி சூடாகியிருக்கிறது.

நம் ஊருக்கும் அதே அளவுகோல்தான். ஒரு பூங்கா வாசலில் டி.ரெக்ஸ் சிலை வைத்தால் கூட்டம் வரும், செல்ஃபியும் எடுக்கும். அது தவறில்லை. ஆனால், அந்தச் சிலைக்கு அடுத்து ஆள் உயரத்தைத் தாண்டும் பிரஹத்காயோசாரஸ் கால் எலும்பின் மாதிரி ஒன்றும், அது உதிர்ந்துபோன கதையும் இருந்தால்? குழந்தை தன் உயரத்தை அதோடு அளந்து பார்க்கும். "இது நம்ம ஊருதாம்மா" என்று சொல்லும்.

கதை இல்லாவிட்டால் அம்மோனைட் வெறும் கல். பொய்க் கதை சொன்னால் அது டைனோசர் முட்டை. உண்மைக் கதையைச் சொன்னால்தான் அது அம்மோனைட்.

குடும்பத்தோடு போகலாம்

சாத்தனூர் கல்மரப் பூங்கா, அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் இரண்டையும் திட்டமிட்டால் ஒரே நாளில் பார்க்கலாம். இன்னொரு நாள் இருந்தால், காரைப் பள்ளத்தாக்கையும், 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். அருங்காட்சியகத்தின் வேலை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் குழந்தைகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். சுருள் சுருளாக அழகான கல் கண்ணில் பட்டால் தொட்டுப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். வித்தியாசமாக எதையாவது கண்டால் அருங்காட்சியகத்தில் சொல்லலாம். கல்லமேட்டு எலும்புகளுக்கு நேர்ந்தது அடுத்த கண்டுபிடிப்புக்கு நேரக் கூடாது, இல்லையா?