மனச்சோர்வுக்கு மாத்திரை மட்டும்தான் மருந்தா? நடைப்பயிற்சியும் கைகொடுக்கும்!

‘வேலைக்கு போகவே பிடிக்கல... யார்கிட்டயும் பேசத் தோணல... ராத்திரி தூக்கமே வரல...’

இப்படி 2 வாரத்துக்கு மேல் ஒருவர் புலம்பினால் அதை சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த நோய்க்கு மாத்திரை உண்டு, கவுன்சிலிங் உண்டு. காசு செலவில்லாத இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் உடற்பயிற்சி.

156 பேரிடம் சோதனை

அமெரிக்காவில் உள்ள டியூக் பல்கலைக்கழக டாக்டர்கள் மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 156 பேரை தேர்வு செய்தனர். எல்லோரும் 50 வயதை தாண்டியவர்கள். அவர்களை 3 குழுவாக பிரித்தனர். முதல் குழுவுக்கு மாத்திரை மட்டும். 2-வது குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். 3-வது குழுவுக்கு இரண்டும்.

உடற்பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். வாரத்துக்கு 3 நாள், 30 நிமிட வேக நடை, மெதுவான ஓட்டம் போன்றவைதான். 16 வாரம் கழித்து பார்த்தால் 3 குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்! 1999-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானது. ஆனால் ஆரம்ப வாரங்களில் வேகமாக பலன் தந்தது மாத்திரைதான்.

மேலும் 6 மாதம் கழித்து மீண்டும் பரிசோதித்தனர். குணமானவர்களில் மாத்திரை குழுவில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது. உடற்பயிற்சி குழுவில் 8 சதவீதம் பேருக்குத்தான்.

2024-ல் 218 ஆய்வுகளை ஒன்றாக சேர்த்து அலசினார்கள். நடை, ஓட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவது அதில் தெரியவந்தது.

‘நாள் பூரா மூட்டை தூக்குறேனே?’

‘பொழுதுக்கும் உழைக்கிறேன், அது போதாதா?’ என்று கேட்கலாம். வேலையில் படும் பாடு வேறு, நமக்காக நாமே விரும்பி நடப்பது வேறு. மனசுக்கு ஓய்வு நேர பயிற்சியால் கிடைக்கும் பலன் வேலைக் களைப்பில் கிடைப்பதில்லை.

எப்படி தொடங்குவது?

மனச்சோர்வு உள்ளவருக்கு படுக்கையை விட்டு எழுவதே மலையை புரட்டுகிற மாதிரி. ‘போய் நட’ என்று விரட்டினால் நடக்க மாட்டார். ‘வாங்க, டீக்கடை வரைக்கும் போயிட்டு வரலாம்’ என்று கூடவே கூட்டிப் போங்கள். முதல் வாரம் 10 நிமிடம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக கூட்டலாம். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரை கேட்டுவிட்டு தொடங்குவது நல்லது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

முக்கியமான விஷயம். ‘நடக்கிறேனே’ என்று ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை வரலாம். நோயும் திரும்பலாம்.

‘செத்துப் போகலாம் போல இருக்கு’ என்று யாராவது சொன்னால் அலட்சியம் வேண்டாம். அவரை தனியாக விடாதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.