ஹொக்கிக் குழுவின் சம்பளக் கணக்கு

ஹொக்கி என்றதும் பசும்புல் மைதானமே நம் நேயர்களின் கண்முன் தோன்றும். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலுமோ, பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்கிச் சென்று ஆடும் ஆட்டத்துக்கே அப்பெயர் வழங்குகின்றது. அவ்விரு நாடுகளின் தலைசிறந்த குழுக்கள் போட்டியிடும் அமைப்பு தேசிய ஹொக்கி லீக் எனப்படும். அங்கே வெற்றிபெற வீரரின் ஆற்றலோடு முகாமையாளரின் கணக்கறிவும் வேண்டும்.

முன்னர், செல்வம் மிக்க குழுக்கள் சிறந்த வீரர்களை எவ்விலை கொடுத்தும் அமர்த்திக்கொண்டன; ஏனைய குழுக்கள் ஈடுகொடுக்க இயலாது தவித்தன. சம்பளத்துக்கு எல்லை வகுக்க உரிமையாளர் முனைந்தனர். வீரர் சங்கம் இணங்கவில்லை. 2004ஆம் ஆண்டு செப்டெம்பரில் உரிமையாளர் கதவடைப்புச் செய்தனர். 2004-05 பருவகாலத்தில் ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. ஈற்றில் உச்சவரம்பு ஏற்கப்பட்டது. 2005-06இல் அது குழுவொன்றுக்கு 3 கோடியே 90 இலட்சம் டொலர். லீக்கின் வருமானத்தையொட்டி மாறும் இத்தொகை, 2025-26இல் 9 கோடியே 55 இலட்சம் டொலராக உயர்ந்தது.

ஒரு வீரரின் சம்பளம் எவ்வாறு கணக்கில் வைக்கப்படுகின்றது? ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரியே, ஆண்டுதோறும் குழுவின் கணக்கில் ஏறும். இவ்விதியிலே ஒரு துவாரம் இருந்தது. 2010இல் நியூ ஜேர்சி டெவில்ஸ் குழு, இலியா கோவல்சுக் என்னும் வீரருடன் 17 ஆண்டுகளுக்கு 10 கோடியே 20 இலட்சம் டொலர் ஒப்பந்தம் செய்தது. முற்பகுதியிலே பெருந்தொகை, கடைசி 5 ஆண்டுகளிலோ ஆண்டுக்கு ஐந்தரை இலட்சம் மாத்திரமே. இவ்வாறு சராசரி செயற்கையாகக் குறைக்கப்பட்டது. லீக் அதனை நிராகரித்தது. மத்தியஸ்தரும் அதனை ஆமோதித்தார். பின்னர் 2013இல் ஏற்பட்ட உடன்படிக்கை, சொந்த வீரருக்கு 8 ஆண்டும் பிற குழுவிலிருந்து வருபவருக்கு 7 ஆண்டும் என ஒப்பந்தக் காலத்துக்கு வரம்பிட்டது.

உச்சவரம்பின் கடுமை வெற்றிபெற்ற குழுவுக்கே நன்கு புலப்படும். இளம் வீரரின் முதல் ஒப்பந்தத் தொகையை விதிகளே கட்டுப்படுத்துகின்றன. அவர் புகழ்பெற்றபின் அவரது விலை பன்மடங்காகும். சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் குழு 1961க்குப் பின்னர் முதன்முறையாக 2010 ஜூனிலே ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அப்போது ஜொனதன் டேவ்ஸ், பட்ரிக் கேன் ஆகிய இளைஞர் இருவரின் முதல் ஒப்பந்தங்களும் முடிவுற்றன. அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் சராசரி 63 இலட்சம் டொலர் கொடுக்கவேண்டியிருந்தது. அப்பருவத்தின் உச்சவரம்போ 5 கோடியே 94 இலட்சம். ஆகவே டஸ்டின் பஃப்ளின், அன்ட்ரூ லாட், கிறிஸ் வேர்ஸ்டீக் ஆகிய மூவரும் சில வாரங்களுக்குள் பிற குழுக்களுக்கு மாற்றப்பட்டனர். கிண்ணம் வெல்லக் காவல்நின்ற கோல்காப்பாளர் அன்ரி நியெமிக்கு மத்தியஸ்தர் 27 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் விதித்தார். அதனைக் கொடுக்க இயலாத குழு அவரையும் விடுவித்தது.

குற்றம் எதுவும் செய்யாதவர்கள் பிரிக்கப்பட்டமை இரசிகர்க்கு வேதனை அளித்திருக்கும். எனினும் பிரிந்தவர்கள் வேறு நகரங்களின் குழுக்களுக்கு வலுவூட்டினர். திறமை ஓரிடத்திலே குவியாது பரவவேண்டும் என்பதே உச்சவரம்பின் நோக்கமாகும். எவரை இழந்தால் குழு குலையும், எவரது இடத்தை இளைஞர் ஒருவரால் நிரப்பலாம் என அறிவதே முகாமையாளரின் திறன். டேவ்ஸையும் கேனையும் விடாது காத்த சிக்காகோ, 2013இலும் 2015இலும் மீண்டும் கிண்ணத்தை வென்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் நம் முதுமொழி பனிக்கட்டித் தளத்துக்கும் பொருந்துவதாகவே உள்ளது.