கரகோல் செல்லும் முஸாபிருக்குச் சில குறிப்புகள்

பூமியில் பயணம் செய்து, இறைவனின் படைப்பைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கின்றது. பயணம் துன்பத்தில் ஒரு பங்கு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். முன்னது பயணத்தின் பயனைக் கூறுகிறது. பின்னது அதற்கு வேண்டிய ஆயத்தத்தை நினைவூட்டுகிறது.

அன்பு வாசகர்களே! மத்திய ஆசியாவில் உள்ள கிர்கிஸ் நாட்டின் பிஷ்கெக், ஓஷ் முதலிய நகரங்களில் தமிழகத்துப் பிள்ளைகள் பலர் மருத்துவம் பயில்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு இரண்டு மூன்று நாட்கள் ஓய்வு கிடைக்குமாயின், அந்நாட்டின் கிழக்கே உள்ள கரகோல் என்னும் மலையூர் சென்று காணத்தக்கது. அங்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் சிலவற்றை இங்கே கூறுகிறோம்.

வழியும் காலமும்

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கரகோல் ஏறத்தாழ 400 கிலோ மீட்டர். 'மர்ஷ்ருத்கா' எனப்படும் வேன்கள் ஆறேழு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். பாதி வழிக்கு மேல் இஸ்ஸிக் குல் ஏரி உடன் வரும். சுமார் 180 கிலோ மீட்டர் நீளமுள்ள இந்த ஏரியின் நீர் சிறிது உப்புக் கரிக்கும், கடுங்குளிரிலும் உறையாது. 'வெப்ப ஏரி' என்பதே அதன் பெயரின் பொருள்.

கரகோல் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தியான்ஷான் மலையடிவாரத்தில் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வது நலம். அப்போதும் இரவில் கம்பளி வேண்டும். நாணயம் சோம்; சிற்றூர்களில் ரொக்கம் கைவசம் இருப்பது நன்று. விசா விதிகள் மாறுந்தன்மையன; புறப்படுமுன் விசாரித்துக் கொள்க.

ஆணியில்லாப் பள்ளி

கரகோலில் முதலில் காண வேண்டியது துங்கான் பள்ளிவாசல். துங்கானியர் சீனத்து முஸ்லிம்கள். 1860-களிலும் 70-களிலும் சீன அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபோது, 1877-78 குளிர்காலத்தில் பனிமலைகளைக் கடந்து இப்பக்கம் வந்து குடியேறியவர்கள். வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோர் உழுது பயிரிட்டு வாழ்ந்து, சீனத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து எழுப்பிய இப்பள்ளி 1910-ல் நிறைவுற்றது. இரும்பு ஆணியின்றி மரத்தோடு மரம் பொருத்திக் கட்டியது என்பது இதன் சிறப்பு. வளைந்த கூரையும் பச்சை, சிவப்பு, மஞ்சள் வண்ணங்களும் பார்ப்போருக்குச் சீனத்துக் கோயிலை நினைவூட்டும். ஆயினும் உள்ளே ஒலிப்பது நம் பாங்கும் நம் கிராஅத்தும்தான்.

சோவியத் ஆட்சி 1930-களில் இப்பள்ளியை மூடி வைத்தது. 1940-களில்தான் மீண்டும் தொழுகைக்குத் திறந்தது. அன்று பள்ளி மூடிக் கிடந்தபோதும் தொழுகையை மறவாதவர்கள் இருந்தமையால்தான் இன்றும் அங்கே ஐவேளைத் தொழுகை நடைபெறுகிறது. வெளிநாட்டார் பலர் இதைச் சிற்ப வேலைப்பாட்டுக்காகக் கண்டு, படம் எடுத்துச் செல்கின்றனர். நீங்கள் பாங்கு நேரம் அறிந்து, ஒளுவுடன் சென்று, ஸலாம் கூறி ஸஃப்பில் நில்லுங்கள். படம் எடுப்பதானால் தொழுகை முடிந்த பின், அனுமதி பெற்று எடுங்கள். பெண்கள் முழுமையாக மறைக்கும் ஆடையுடன் செல்க.

கிப்லாவும் நேரமும்

தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். பழக்கத்தின் காரணமாக அங்கும் அவ்வாறே நின்று விடாதீர்கள். கரகோலில் அது மேற்கிலிருந்து இருபது பாகை அளவு தெற்கே சாய்ந்தது.

நேரமும் வேறுபடும். ஜூன் மாதத்தில் மஃரிபு இரவு எட்டு மணிக்குப் பின்னரே வரும். இஷா அதனினும் வெகுநேரம் கழித்து. டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் அஸ்தமித்து விடும். அங்குள்ளோர் ஹனஃபி மத்ஹபினர். ஆதலின் அஸர் பாங்கு ஷாஃபிஈகளின் நேரத்தினும் பிந்தி ஒலிக்கும். ஆமீனை மெதுவாகச் சொல்வர்; ஸுபுஹில் குனூத் ஓதார். நம் கடலோர ஊர்களில் வாழும் ஷாஃபிஈகளுக்கு இது புதிதாகத் தோன்றலாம். விருந்தாளியாகச் சென்ற இடத்தில் இதை விவாதப் பொருளாக்குதல் அழகன்று.

நீண்ட பயணத்தில் ஷாஃபிஈ மத்ஹபினர் கஸ்ரோடு ஜம்உம் செய்து கொள்ளலாம். ஹனஃபிகள் கஸ்ர் செய்து, அந்தந்த வக்தில் தொழ வேண்டும். எனவே உணவுக்கு நிறுத்தும் இடத்திலேயே தொழுதுகொள்ள ஓட்டுநரிடம் முன்னரே சொல்லி வையுங்கள். ஓரிடத்தில் நான்கு நாட்கள் தங்க நாடினால் ஷாஃபிஈகளுக்கும், பதினைந்து நாட்கள் தங்க நாடினால் ஹனஃபிகளுக்கும் கஸ்ர் இல்லை.

குளிரில் ஒளு

பனிக்காலத்தில் அவ்வூர்ப் பெரியவர்களின் பாதங்களைப் பாருங்கள். மெல்லிய தோலாலான காலுறை, அதன்மேல் ரப்பர் செருப்பு. பள்ளிவாசலில் ரப்பரைக் கழற்றி விட்டு, தோலுறையின் மீது ஈரக்கையால் மஸ்ஹு செய்து தொழுவர். 'மாஸி' எனப்படும் அவ்வுறை கடைத்தெருவில் கிடைக்கும். முழு ஒளுவுடன் அணிய வேண்டும். கணுக்காலை மறைக்க வேண்டும். உள்ளூரார்க்கு ஒரு பகல் ஓர் இரவும், முஸாபிருக்கு மூன்று பகல் மூன்று இரவும் மஸ்ஹு செல்லும். நம் ஊர் வெப்பத்தில் கிதாபில் மட்டும் ஓதிய சட்டம் அங்கே எத்துணைப் பெரிய அருள் என்பது விளங்கும். சாதாரண நூல் காலுறைக்கு இச்சலுகை இல்லை.

உணவும் விருந்தும்

இந்நாட்டில் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். எனினும் ருஷ்யர்களும் வாழ்வதால் கடைகளில் பன்றியிறைச்சியும் மதுவும் உண்டு. குறிப்பாக, சோசிஸ் வகைகளை விசாரித்தே வாங்க வேண்டும். 'அஷ்லியான்பு' என்னும் துங்கானிய உணவுக்குக் கரகோல் பெயர் பெற்றது. சேமியாவும் மாவுக் கூழ்க்கட்டியும் காடியும் மிளகாயும் சேர்ந்த குளிர்ந்த கஞ்சி அது. காரம் விரும்பும் நமக்கு ஏற்றது.

குதிரை இறைச்சி ஷாஃபிஈ மத்ஹபில் ஆகுமானது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை வெறுத்துள்ளார்கள். புளித்த குதிரைப்பாலான குமிஸில் சிறிதளவு போதைப் பொருள் உண்டு. பேணுதல் உடையோர் நெஞ்சில் கை வைத்து, நன்றி கூறி விலகலாம். 'ரஹ்மத்' என்றால் அங்கே நன்றி.

ரொட்டியை அவர்கள் பெரிதும் கண்ணியப்படுத்துவர். கவிழ்த்து வைக்க மாட்டார்கள். யார் வீட்டுக்குச் சென்றாலும் ஒரு துண்டையேனும் சுவைத்து விட்டே எழ வேண்டும். உணவு முடிந்ததும் கையேந்தி துஆச் செய்து முகத்தில் தடவிக் கொள்வர். நீங்களும் சேர்ந்து கொள்ளுங்கள். அவ்வீட்டில் ஒருவர் தொழாதிருக்கலாம். மற்றொருவர் மது அருந்தக் கூடும். எழுபது ஆண்டுகள் மார்க்கக் கல்வி நெருக்கப்பட்ட நாடு அது. நாமோ தெருவுக்கொரு மத்ரஸாவின் நிழலில் வளர்ந்தவர்கள். ஏளனம் செய்ய நமக்கு என்ன உரிமை?

ஏழு காளைகள் எனப் பொருள்படும் ஜெத்தி ஒகுஸ் செம்பாறைகளும், ஞாயிறு விடியலில் கூடும் கால்நடைச் சந்தையும் அருகில் காணத்தக்கவை. அவற்றையும் பாருங்கள். ஆனால், பனிமலை கடந்து உயிரோடு ஈமானையும் சுமந்து வந்தோர் எழுப்பிய பள்ளியில் இரண்டு ரக்அத்தாவது தொழாமல் திரும்பி விடாதீர்கள். முஸாபிரின் துஆ ஏற்கப்படுவது. அங்கே உங்கள் பிள்ளைக்காகக் கையேந்தும்போது, அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகவும் கேளுங்கள்.

வல்ல நாயன் நம் பயணங்களை எளிதாக்கி அருள்வானாக! ஆமீன்.