புது விண்டோஸ் ஏன் இவ்வளவு நினைவகம் கேட்கிறது?



சேலையூர், மாடம்பாக்கம் பகுதிக் குழுக்களுக்குப் போகும்போது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. புது விண்டோஸ் போட்டதிலிருந்து நகரவே மாட்டேங்குது. கடையில 'இது அவ்வளவுதான், புதுசு வாங்குங்க'ன்னு சொல்றாங்க. வாங்கணுமா?" குழுவில் கடன் எடுத்துப் புதிது வாங்கும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

நினைவகம் என்றால் என்ன?

கணினிக்குள் இரண்டு இடங்கள் உண்டு. ஹார்டு டிஸ்க் என்பது வீட்டு அலமாரி மாதிரி. கரண்ட் போனாலும் உள்ளே வைத்தது அப்படியே இருக்கும். ரேம் எனப்படும் நினைவகம் அடுப்பு மேடை மாதிரி. இப்போது நடக்கிற வேலைக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும். மேடை நிறைந்துவிட்டால், ஒரு பாத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். இந்த நடை அதிகமானால் கணினி மெதுவாகிவிடும்.

விண்டோஸ், லினக்ஸ் போன்றவை இயங்குதளங்கள். கணினியை ஆன் செய்ததும் மேடையில் முதலில் இடம் பிடிப்பது இயங்குதளம்தான்.

எவ்வளவு வளர்ந்திருக்கிறது?

ஒவ்வொரு விண்டோஸும் குறைந்தபட்சம் கேட்ட நினைவகம்:

• விண்டோஸ் 95 (1995): 4 எம்.பி.
• விண்டோஸ் எக்ஸ்.பி. (2001): 64 எம்.பி.
• விண்டோஸ் 7 (2009): 1 ஜி.பி.
• விண்டோஸ் 11 (2021): 4 ஜி.பி.

ஒரு ஜி.பி. என்பது 1,024 எம்.பி. ஆக, 26 வருடத்தில் ஆயிரம் மடங்கு!

நம் மாநிலத்திலேயே இதைப் பார்க்கலாம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் 2 ஜி.பி. நினைவகமும், விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. 2025-ல் கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் டெண்டர் விட்டபோது கேட்டது 8 ஜி.பி.

ஏன் இப்படி?

1. படம். அன்று 640-க்கு 480 புள்ளி, 256 நிறம் கொண்ட திரைக்கு சுமார் 300 கே.பி. போதும். இன்றைய 1920-க்கு 1080 திரைக்கு சுமார் 8 எம்.பி. வேண்டும். விண்டோஸ் 95 மொத்தத்துக்கும் கேட்டதைப் போல இரண்டு மடங்கு! அதோடு, திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலின் படமும் தனித்தனியாக நினைவகத்தில் இருக்கிறது.

2. பாதுகாப்பு. அன்று பல வீட்டுக் கணினிகளில் இன்டர்நெட்டே கிடையாது. இன்று வைரஸ் காவல், தானாக வரும் திருத்தங்கள் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

3. மொழி. முன்பு ஒரு எழுத்துருவில் அடித்த தமிழ் வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும். இன்று யூனிகோடு முறையில் உலக மொழிகள் பலவும் உள்ளேயே வருகின்றன. அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

4. முன்னேற்பாடு. நாம் அடிக்கடி திறப்பதை இயங்குதளம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. இந்த இடத்தை வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே 'நிறைய பயன்படுத்துகிறது' என்பதெல்லாம் வீண் அல்ல.

5. தாராளம். நினைவகம் விலை குறைந்ததும், மென்பொருள் எழுதுகிறவர்களின் சிக்கனமும் குறைந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியானால் பழசே போதுமா?

போதாது, கவனம்! எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. திருத்தம் வராத கணினியில் குழுவின் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவது மாதிரி.

தீர்மானம் எழுதும் முன்

• கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான வேலையின்போதே எப்போதும் 90-ஐத் தாண்டினால் மேடை போதவில்லை என்று அர்த்தம்.
• ரேம் கூட்ட இடம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். புதிது வாங்குவதைவிட இது செலவு குறைவு. 2 ஜி.பி.யை அப்படியே வைத்துக்கொண்டு புது விண்டோஸ் மட்டும் போடச் சம்மதிக்காதீர்கள்.
• ரேம் கூட்ட முடியாவிட்டால் குறைந்த நினைவகத்தில் ஓடும் லினக்ஸ் போடலாம். லினக்ஸில் பல வகைகள் இலவசம், திருத்தமும் வருகிறது. வரவு செலவு எழுத, கடிதம் அடிக்க, பிள்ளைகள் படிக்க அது போதும்.
• எதைச் செய்தாலும் முதலில் கணக்குகளை பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பழசாயிடுச்சு' என்று யாராவது சொன்னால், "என்ன வேலைக்குப் போதவில்லை?" என்று திருப்பிக் கேளுங்கள். ஐந்தும் பத்துமாகச் சேர்த்த பணம். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது!