இரத்தம் கூறும் எச்சரிக்கை

இரத்தப் புற்றுநோய் கண்டவர்களுக்குப் பிறருடைய எலும்பு மஜ்ஜையைச் செலுத்திச் செய்யும் மாற்றுச் சிகிச்சை, வைத்திய சாஸ்திரத்தின் அரும்பெரும் வெற்றிகளுள் ஒன்றாகும். அதற்கு வழிகாட்டிய அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ் 1990-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அவ்வெற்றியைத் தொடர்ந்து ஓர் அபாயமும் நிற்கிறது. புதிதாகக் குடியேறும் அணுக்கள் நோயாளியின் தேகத்தையே அந்நியமெனக் கருதி, தோல், ஈரல், குடல் ஆகியவற்றைத் தாக்கத் தலைப்படுகின்றன. நோயினின்று தப்பியவர் சிகிச்சையினால் மடிவது எத்துணைக் கொடுமை!

இவ்வாபத்து யாரை அதிகமாக நெருங்கும் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? ஓரளவு இயலும் என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் வைத்தியக் கலாசாலையின் டாக்டர்கள் ஜேம்ஸ் பெராரா, ஜான் லெவின் ஆகியோரும் அவர்தம் சகாக்களும், 11 சிகிச்சை நிலையங்களைச் சேர்ந்த 1,287 நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தனர். அது மாற்றுச் சிகிச்சை நடந்த 7-ஆம் நாள் எடுத்த இரத்தம். அதாவது, பெரும்பாலோரிடம் வெளிக்குறிகள் தோன்றுமுன்னர் எடுத்தது. அதில் அவர்கள் அளந்தவை இரண்டு புரதங்கள். குடலின் உட்சுவர் சிதையுங்கால் அங்கிருந்து இரத்தத்தில் கசிவது ரெக்-3 ஆல்பா; உடலினுள் மூளும் அழற்சியை உணர்த்துவது எஸ்.டி.-2. இவ்விரண்டின் அளவைக் கொண்டு பிரித்தபோது, ஆராய்ச்சியின் முதற்பகுதியில், அபாயம் மிக்கவரெனக் கணிக்கப்பட்டோருள் நூற்றுக்கு 28 பேர் 6 மாதத்திற்குள் புற்றுநோய் திரும்பாமலே, வேறு காரணங்களால் மாண்டனர். மற்றவருள் மாண்டவர் நூற்றுக்கு 7 பேரே.

நிற்க. இதனை ஜாதகம் போலக் கருதுவோர் பெரும் பிழை செய்வர். நூற்றுக்கு 28 பேர் அவ்வாறு மாண்டனர் எனில், 72 பேர் அவ்வாறு மாளவில்லை என்பதும் அதே கணக்கன்றோ? ஒரு கூட்டத்தின் கதியைக் கூறும் எண், அக்கூட்டத்திலுள்ள தனி மனிதன் ஒருவனுடைய விதியைக் கூறாது.

மேலும், அபாயத்தை அறிவது வேறு, அதை நீக்குவது வேறு. அபாயம் மிக்கோருக்கு ஆல்பா-1 ஆன்டிடிரிப்ஸின் என்னும் மருந்தை முன்னதாகவே கொடுத்துப் பார்த்தனர். 2020-ல் பிரசுரமான அதன் முடிவு ஏமாற்றமே. கடும் தாக்குதல் குறையவில்லை. ஆனால் 2023-ல் மற்றொரு பயன் தெரிந்தது. தாக்குதல் கண்டும், நோய்க்குறிகளாலும் இரத்தப் பரீட்சையாலும் அபாயம் குறைந்தவரென அறியப்பட்டோருக்கு ஸ்டீராய்டுக்குப் பதிலாக இடாஸிடினிப் என்னும் மருந்து அளிக்கப்பட்டது. குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஸ்டீராய்டு பெற்றோரைவிட இவர்களிடம் கடும் தொற்றுநோய்கள் குறைந்திருந்தன.

ஆகவே இவ்வெண்ணின் பெருமை சாவைக் குறிப்பதில் இல்லை; எவருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று வைத்தியர் தெளிவதில் இருக்கிறது. எண் மோசமாயிருப்பின், அது நோயாளியைக் கைவிடுவதற்குச் சாக்கன்று. அவன் படுக்கையருகே மேலும் ஒரு முறை செல்லுமாறு இடும் ஆணையாகும். அபாயம் மிக்கோருக்குத் தக்க பரிகாரம் காண்பதே இனி ஆராய்ச்சியாளர் செலுத்தவேண்டிய கடன். அக்கடன் தீரும்வரை, எச்சரிக்கை பெற்றோம் என்று மகிழலாமேயன்றி, வென்றோம் என்று கூறலாகாது.